வாசகர் கேள்வி–பதில்: இணைய வானொலிக்கு மேடை கைகொடுக்குமா?

தனித்து இயங்கும் இணைய வானொலி நிலையங்கள், தாக்குப்பிடிப்பதற்காக நேரடி இசை நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கியிருப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு நிலையம் நடத்துவோர், மேடையேறுவோர், கேட்பதோடு நின்றுவிடுவோர் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களுள் ஒன்றையொன்று தொடும் கேள்விகள் மட்டும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இணைய வானொலி நடத்துகிறோம். நேயர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. கையிருப்போ குறைந்துகொண்டே வருகிறது. கேட்பவர் பெருகினால் வருமானமும் பெருக வேண்டாமா? இசை நிகழ்ச்சி நடத்தினால் குறை தீரும் என்கிறார் எங்களில் ஒருவர். அவர் சொல்வது சரிதானா?

பதில்: கோபுரம் நட்டு அலைபரப்பும் வானொலிக்கு ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் செலவு ஒன்றுதான். இணைய வானொலியில் ஒவ்வொரு நேயருக்கும் சர்வரிலிருந்து தனித்தனியாகத் தரவு போயாக வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகிறது. எந்நேரமும் சராசரியாக 100 பேர் இணைப்பில் இருந்தால் மாதத்துக்கு 4 டெராபைட்டுக்கு மேல் வரும். தரவின் விலை இறங்கிவிட்டதால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். கையைக் கடிப்பது ராயல்டி, அதாவது பாட்டுக்கு உரியவர்களுக்குக் கட்ட வேண்டிய தொகை.

அதன் கணக்கு தெளிவாகப் பதிவாகியிருப்பது அமெரிக்காவில் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் பாடியவருக்கும் சேர வேண்டிய தொகையை, ஒரு பாட்டை ஒரு நேயர் ஒருமுறை கேட்பதற்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கிறார்கள். சந்தா இல்லாத வணிக நிலையங்களுக்கு 2021ஆம் ஆண்டுக்கான விகிதம் 0.0021 டாலர், விலைவாசிக்கு ஏற்ப அது பின்னர் கூட்டப்பட்டது. மணிக்கு 15 பாடல், சராசரியாக 100 நேயர் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பழைய விகிதத்திலேயே மணிக்கு 3.15 டாலர், 30 நாள் மாதத்துக்கு 2,268 டாலர் ஆகிறது. நேயர் 1,000 பேரானால் அது பத்து மடங்காகும். பாடலை இயற்றியவர்களுக்கான தொகை இதில் சேரவில்லை. அதே நாட்டில் கோபுரம் வைத்து ஒலிபரப்பும் நிலையங்கள், இயற்றியவர்களுக்குப் பணம் தருகின்றனவே தவிர, ஒலிப்பதிவுக்கென்று ஒரு காசும் தர வேண்டியதில்லை. இந்தப் பாரபட்சத்துக்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பழைய தொழிலின் செல்வாக்குதான் தென்படுகிறது.

இந்த விகிதங்களால் நிலையங்கள் ஆட்டம் கண்டது புதிதன்று. 2002இல் முதல் விகிதம் அறிவிக்கப்பட்டபோது சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்எம் சில மாதங்கள் ஒலிபரப்பையே நிறுத்த நேர்ந்தது. சிறு நிலையங்களுக்குச் சலுகை தரும் சட்டம் அவ்வாண்டின் இறுதியில் வந்த பிறகே நிலைமை சற்று இளகியது. மீண்டும் விகிதம் உயர்ந்ததை எதிர்த்து 2007 ஜூன் 26 அன்று ஏராளமான இணைய வானொலிகள் ஒருநாள் மௌனம் காத்தன. பின்னர் கிடைத்த சலுகை 2015 இறுதியில் காலாவதியானதும், ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களைத் தன் தளத்தில் தாங்கியிருந்த லைவ்365 அடுத்த மாதமே மூடப்பட்டது. புதிய உரிமையாளரின் கையில் 2017இல் அது மீண்டும் திறக்கப்பட்டது வேறு கதை.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. மேடையில் ஒரு குழு நேரில் வாசிக்கும்போது அங்கே எந்த ஒலிப்பதிவும் ஓடுவதில்லை. ஆகவே ஒலிப்பதிவுக்கான ராயல்டி எழுவதில்லை, இயற்றியவர்களுக்கான பங்கு மட்டுமே உண்டு. வானொலியில் புதிதாக வரும் ஒவ்வொருவரும் செலவைக் கூட்டுகிறார். அரங்கில் புதிதாக வரும் ஒவ்வொருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிறார். இதுதான் நிலையங்களை மேடையின் பக்கம் இழுக்கிறது. மறுபாதி என்னவென்றால், வானொலிச் செலவு மாதாமாதம் சிறிது சிறிதாக வருவது. நிகழ்ச்சிச் செலவோ ஒரு சீட்டும் விற்பதற்கு முன்பே மொத்தமாக வந்து நிற்பது. கையிருப்பு வற்றிய பிறகு மேடையை நாடுபவருக்கு இந்த வழி உதவாது. ஓரளவு கையிருப்பு இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குத்தான் அது உதவுகிறது.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன நாட்டில் இலாபநோக்கற்ற நிலையம் என்று பதிவுசெய்திருந்தால், மாதத்துக்கு 1,59,140 நேயர்-மணிகள் (ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு நேயர்-மணி) வரை ஆண்டுக்கு 1,000 டாலர் குறைந்தபட்சக் கட்டணத்தோடு ஒலிப்பதிவு ராயல்டி முடிந்துவிடும் என்பதே 2021 முதல் 2025 வரை இருந்த ஏற்பாடு. எந்நேரமும் சுமார் 220 பேர் கேட்கும் நிலையம் அந்த வரம்புக்குள் அடங்கும். 100 நேயர் உள்ள வணிக நிலையம் ஒரே மாதத்தில் இதைப் போல் இருமடங்குக்கு மேல் கட்டுகிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம். ஆனால் பதிவின் வகையை மாற்றிக்கொள்வதால் மிஞ்சும் தொகை பத்து நிகழ்ச்சிகளின் இலாபத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், அரங்கம் தேடுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வானொலி என்பது வீட்டில் இருந்தபடி கேட்பதற்கானது. அது மேடை போட்டுச் சீட்டு விற்பது அதன் இயல்புக்கே முரணாகாதா?

பதில்: ஆகாது. வானொலி தோன்றிய காலத்திலேயே இது இருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திய டபிள்யூஎஸ்எம் வானொலியில் 1925இல் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நேரடி இசை நிகழ்ச்சியைப் பார்க்க வந்த கூட்டம் அடங்காமல் போகவே, 1939இல் 25 சென்ட் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். கூட்டத்தைக் குறைக்க வைத்த கட்டணம் கூட்டத்தைக் குறைக்கவில்லை. லண்டனில் புரோம்ஸ் இசைவிழாவுக்குப் பணம் போட்டுவந்த பதிப்பகம் விலகிக்கொண்டபோது, 1927இல் அதை எடுத்து நடத்தி அழியாமல் காத்தது பிபிசி. அன்று வானொலி கச்சேரியைக் காப்பாற்றியது. இன்று கச்சேரியிடம் வானொலி கைமாற்றுக் கேட்கிறது.

கேள்வி: இப்படி நிகழ்ச்சி நடத்திப் பிழைத்த நிலையங்கள் உண்மையில் உண்டா? மற்றவை எப்படிச் சமாளிக்கின்றன?

பதில்: நிகழ்ச்சியை மட்டுமே நம்பிப் பிழைத்த நிலையம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட என்னால் இயலவில்லை. நிலைத்து நிற்கும் நிலையங்களைக் கூர்ந்து பார்த்தால், ஏதோ ஒரு நிலையான வரவை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல்தான் நிகழ்ச்சிகளைக் கட்டியிருக்கின்றன.

2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் ரேடியோ பாரடைஸும் சோமா எஃப்எம்மும் விளம்பரமே இல்லாமல் நேயர்களின் நன்கொடையில் நடக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் 1999இல் தொடங்கிய டப்லாப், இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டு நன்கொடையையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே நடத்துகிறது. எனக்குப் பிடித்தது நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள தி லாட் ரேடியோ. தெருக்கள் சந்திக்கும் முனையில் வெறுமையாகக் கிடந்த முக்கோண மனையில் ஒரு கப்பல் சரக்குப்பெட்டியை இறக்கி, அதற்குள் ஒலிபரப்பு அறையையும் காப்பி, பீர் விற்கும் சிறு கடையையும் 2016இல் வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இசைத்தட்டைச் சுழற்றிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நின்று குடிப்பவர்களின் பணத்தில் ஒலிபரப்பு நடக்கிறது. சீட்டு விற்காமலேயே கிடைத்த பார்வையாளர்கள் இவர்கள். வாடகைக்கு அரங்கம் எடுக்கும் எவரும் இந்த ஏற்பாட்டை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். ஏனெனில் அரங்கில் மிகுந்த இலாபம் தருவது பெரும்பாலும் குடிவகை விற்பனைதான், அது அரங்க உரிமையாளரின் பெட்டிக்குத்தான் போகிறது.

பெயரும் புகழும் இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். உலகறிந்த அறிவிப்பாளர் கைல்ஸ் பீட்டர்சன் 2016இல் தொடங்கிய வேர்ல்டுவைடு எஃப்எம்கூட, பணமின்றி 2022இல் புதிய ஒலிபரப்புகளை நிறுத்திவைத்து, பிறகே மீண்டது. ஒஹாயோவின் டபிள்யூஓஎக்ஸ்ஒய் 2004இல் பண்பலையை விட்டு இணையத்துக்கு வந்த நிலையம். இசைக்குழுக்களைத் தன் கூடத்துக்கே அழைத்து நேரடியாக வாசிக்கவைப்பதில் அதற்கு நல்ல பெயர். இறுதியில் நேரடி இசைக்குப் பேர்போன ஆஸ்டின் நகருக்கே இடம்பெயர்ந்தது. ஆனாலும் 2010 மார்ச்சில் முதலீடு நின்றதும் ஒலிபரப்பும் நின்றது. நல்ல இசைக்குப் பக்கத்தில் இருப்பதும் அதிலிருந்து வருவாய் ஈட்டுவதும் வெவ்வேறு திறமைகள்.

கேள்வி: எங்கள் நிலையத்தின் முதல் நிகழ்ச்சியை 120 பேர் கொள்ளும் அரங்கில் நடத்த எண்ணுகிறோம். இசைக்குழுவினருக்கு நிச்சயத்தொகை பேசுவதா, வசூலில் பங்கு பேசுவதா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: எந்த நாட்டு நாணயமும் வேண்டாம், சீட்டின் விலையையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடலாம். வாடகை, ஒலி–ஒளி, காப்பீடு, விளம்பரம் ஆகியவை சேர்ந்து 45 சீட்டின் மதிப்பு என்றும், குழுவுக்கு நிச்சயத்தொகை 30 சீட்டின் மதிப்பு என்றும், சீட்டு விற்கும் தளத்தின் கழிவும் இயற்றியவர்களுக்கான ராயல்டியும் சேர்ந்து விற்பனையில் பத்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். (பிரிட்டனில் அந்த ராயல்டி மட்டும் சீட்டு வசூலில் சுமார் 4 விழுக்காடு, உங்கள் இடத்து விகிதத்தை உரிய சங்கத்திடம் கேளுங்கள்.)

84 சீட்டு விற்றால்தான் முதல் தேறும். அரங்கம் நிறைந்தால் 33 சீட்டின் மதிப்பு மிஞ்சும். 60 பேர் மட்டும் வந்தால் 21 சீட்டின் மதிப்பு கையைவிட்டுப் போகும். இரண்டு பாதி அரங்குகள் ஒரு முழு அரங்கின் இலாபத்தைத் தின்று, அதற்கு மேலும் கேட்கும். நிச்சயத்தொகை பேசாமல், செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்கு 70 விழுக்காடு என்று பேசினால் 50 சீட்டிலேயே முதல் தேறிவிடும். ஆனால் அரங்கம் நிறைந்தாலும் உங்களுக்கு 19 சீட்டின் மதிப்புதான் கிடைக்கும். தொடக்கத்தில் இந்த இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. அதோடு, ஐம்பதுக்குக் குறைவானவர்களே வந்தாலும் குழுவினர் போக்குவரத்துச் செலவையாவது எடுத்துச் செல்லும்படி ஒரு சிறு குறைந்தபட்சத் தொகையையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். வெறுங்கையோடு திரும்பிய குழு மறுமுறை வராது. வராமலிருப்பதற்கான காரணத்தையும் ஊரெல்லாம் சொல்லும்.

கணக்கில் யாரும் எழுதாத ஓட்டை, இலவச விருந்தினர் பட்டியல். வானொலியில் தொகுப்பாளர்கள் சம்பளமின்றி உழைப்பவர்கள். ஆளுக்கு இரண்டு அனுமதி கேட்பார்கள், கொடுக்காமலிருக்க மனம் வராது. மேற்கண்ட முதல் கணக்கில் 15 பேரை இலவசமாக விட்டால், அரங்கம் நிறைந்த நாளிலும் மிச்சம் 33இலிருந்து 19.5 ஆகச் சுருங்கிவிடும். பட்டியலுக்கு ஓர் எண்ணிக்கை வைத்து, நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே அதை மூடிவிடுங்கள். வாசலில் நிற்பவர் நிலையத்தின் நண்பராக இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

120 என்ற எண்ணும் எனக்குச் சற்றுப் பெரிதாகவே படுகிறது. உங்களுக்கு ஆயிரம் நேயர் இருக்கலாம். ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இணைய வானொலியின் பெருமையே எல்லையற்ற பரப்புதான். நிகழ்ச்சி நடத்தும்போது அதுவே பலவீனமாகிவிடுகிறது. நூறு ஊர்களில் பத்துப் பத்துப் பேராகச் சிதறிக் கிடக்கும் ஆயிரம் நேயர்களால் எந்த ஊரிலும் ஓர் அறைகூட நிறையாது. ஸ்ட்ரீமிங் சர்வரின் பதிவேடுகளில் இணைப்பு முகவரியை வைத்து ஊரைத் தோராயமாக அறியலாம். செல்பேசி இணைப்புகளில் அது பிசகும் என்றாலும் மாதக்கணக்கில் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கும். நன்கொடை தந்தவர்களின் முகவரி அதைவிட நம்பகமானது. நிலையம் இருக்கும் ஊரைவிட வேறோர் ஊரில் நேயர்கள் அடர்ந்திருப்பதும் நடக்கக்கூடியதே. அப்போது அந்த ஊரில் ஏற்கெனவே நிகழ்ச்சி நடத்திவரும் ஓர் அமைப்பாளரோடு சேர்ந்து உங்கள் பெயரையும் ஒலிபரப்பையும் பங்காகக் கொடுப்பது, நீங்களே அங்கே போய் வாடகை கட்டுவதைவிடப் புத்திசாலித்தனம்.

கேள்வி: நிகழ்ச்சியை நேரலையாக ஒலிபரப்பவும், பதிவுசெய்து பிறகு மறுஒலிபரப்பு செய்யவும் விரும்புகிறோம். எங்கள் அரங்கம், எங்கள் செலவு. இதற்குத் தனி அனுமதி வேண்டுமா? நேரலையாகக் கொடுத்தால் சீட்டு விற்பனை குறையாதா?

பதில்: கட்டாயம் அனுமதி வேண்டும். மேடையில் வாசிப்பவரின் இசைவின்றி அதை ஒலிபரப்பவோ பதிவுசெய்யவோ கூடாது என்பது 1961இன் ரோம் உடன்படிக்கையிலிருந்தே உலகில் பெரிதும் ஏற்கப்பட்ட நெறி. அரங்க வாடகையை நீங்கள் கட்டியதால் அந்த உரிமை உங்களிடம் வந்துவிடுவதில்லை. நேரலை, மறுஒலிபரப்பு, தளத்தில் நிரந்தரமாக வைத்திருத்தல், காணொளி என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, எவ்வளவு காலத்துக்கு என்றும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். இசைக்குழு ஏதேனும் ஒரு ஒலிப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தால், பதிவுசெய்யும் உரிமையைத் தனியே கொடுக்கும் அதிகாரம் அவர்களிடமே இல்லாமல் இருக்கலாம். கலைஞர் மகிழ்ச்சியோடு தலையாட்டியது போதாது.

இந்தத் தாள்களை ஒழுங்காக முடித்தவர்களுக்கு ஒரு பலன் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, கட்டாய உரிமத்தில் (உரிமையாளரிடம் தனியே கேட்காமல், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிப் பெறும் உரிமம்) இயங்கும் இணைய வானொலி, ஒரே கலைஞரின் பாடல்களை மூன்று மணி நேரத்துக்குள் நான்குக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. அவற்றிலும் மூன்றுக்கு மேல் தொடர்ந்து வரக் கூடாது. ஒரு கலைஞரின் முழுக் கச்சேரியை மறுஒலிபரப்பு செய்ய முயன்றால் இந்த வரம்பில் முட்டிக்கொள்ளும். கலைஞரிடமோ பதிவின் உரிமையாளரிடமோ நேரடியாக உரிமம் பெற்றுவிட்டால் இந்த வரம்பும் இல்லை. பேசிக்கொண்ட தொகைக்கு மேல் நேயர்வாரி ஒலிப்பதிவு ராயல்டியும் இல்லை. இயற்றியவர்களுக்கான தொகை மட்டும் எப்போதும்போல் தொடரும். ஆக, சொந்தமாக நடத்திய நிகழ்ச்சியின் பதிவுகள் சேரச் சேர, கேட்பவர் எத்தனை பேரானாலும் செலவு ஏறாத ஒரு தொகுப்பு உங்கள் கையில் வளர்கிறது. சீட்டு வசூலைவிட நீண்டகாலத்தில் இதுதான் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான நிலையங்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கின்றன.

பதிவின் தரம் பற்றியும் ஒரு சொல். அரங்கில் ஒலிகளைக் கலந்து தரும் மிக்ஸர் கருவியிலிருந்து வரும் இறுதி ஒலியை அப்படியே ஒலிபரப்பினால் பாடகரின் குரல் மட்டும் முகத்தில் அறையும். டிரம்ஸ் எங்கோ அடுத்த அறையில் வாசிப்பதுபோல் கேட்கும். காரணம் எளிது. சிறிய அரங்கில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரின் உதவியின்றியே காதை நிறைத்துவிடுவதால், ஒலிப்பொறியாளர் அவற்றை மிக்ஸரில் தாழ்த்தி, குரலை மட்டும் தூக்கி வைத்திருப்பார். நேரில் நிற்பவருக்குச் சரியாகக் கேட்பது கம்பி வழியே போனவருக்குக் கோணலாகக் கேட்கிறது. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிவுசெய்யுங்கள்; பார்வையாளர் பக்கம் இரண்டு மைக்குகளை வைத்து அவர்களின் ஆரவாரத்தையும் பிடியுங்கள்; நேரலைக்கென்று தனியாக ஒருவர், முடிந்தால் அரங்கத்துக்கு வெளியே அமர்ந்து, ஹெட்போனில் கேட்டுக் கலந்து தரட்டும். அந்த ஒருவரின் கூலியைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரலையால் சீட்டு விற்பனை குறையும் என்ற அச்சம் சிறு நிலையங்களுக்குப் பொருந்தாது. கேட்பவர்களில் பெரும்பாலோர் வரக்கூடிய தொலைவில் இல்லை. அச்சம் தீரவில்லையென்றால் அன்றிரவு ஒலிபரப்பாமல் ஒரு வாரம் கழித்து ஒலிபரப்புங்கள். கலந்து சீர்செய்ய அவகாசமும் கிடைக்கும்.

கேள்வி: நான் பாடுகிறேன். ஒரு வானொலி நிலையம், தன் நிகழ்ச்சியில் இலவசமாகப் பாடினால் என் பாடல்களை அடிக்கடி ஒலிபரப்புவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய வணிக வானொலிகள் நெடுங்காலமாக இசைவிழாக்களை நடத்தி, பாட்டு ஒலிபரப்பாகும் என்ற ஆசையைக் காட்டிக் கலைஞர்களைக் குறைந்த கூலிக்கு மேடையேற்றுகின்றன என்ற புகார் பழையது. பணம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் பாட்டு ஒலிபரப்புவதை 1960இலேயே தடைசெய்த அமெரிக்காவில், 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம், நிகழ்ச்சியில் இலவசமாகப் பங்கேற்பதற்கு ஈடாக ஒலிபரப்பு தருவதும் அந்தத் தடைக்குள் வரக்கூடும் என்று நிலையங்களை எச்சரித்தது. அந்த விதி கோபுர வானொலிகளுக்கானது. இணைய வானொலியை அது கட்டுப்படுத்தாது. சட்டம் தொடவில்லை என்பதற்காக அது நேர்மையாகிவிடாது.

நிலையம் நடத்துவோரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். உங்களிடம் நேயர்கள் தங்கியிருப்பதற்கு ஒரே காரணம், இந்தப் பாட்டு பிடித்ததால் போடுகிறார்கள் என்ற நம்பிக்கை. அடுத்த மாத நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்க வேண்டும் என்பதற்காக ஒரே குழுவை நாளுக்கு ஐந்து முறை ஒலிபரப்பத் தொடங்கினால் நேயர்கள் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். நிகழ்ச்சிக்கு ஆள் பிடிப்பவரும் பாட்டுப் பட்டியல் போடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டையும் செய்தால், நிகழ்ச்சியில் வாசிக்கவிருக்கும் குழுவின் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சிகள் வெற்றிபெற்றால் வானொலியே தேவையற்றதாகிவிடாதா?

பதில்: ஆகலாம். பாய்லர் ரூம் 2010இல் லண்டனில் சுவரில் ஒட்டிவைத்த ஒரு வெப்கேமராவோடு தொடங்கியது. அழைக்கப்பட்ட சிலர் மட்டும் அறைக்குள் இருக்க, மற்றவர்கள் இணையத்தில் பார்த்தார்கள். பிறகு உலக நகரங்களிலெல்லாம் சீட்டு விற்கும் நிகழ்ச்சி நிறுவனமாக அது வளர்ந்து, 2021இல் டைஸ் என்ற சீட்டு விற்பனை நிறுவனத்துக்கும், 2025இல் சூப்பர்ஸ்ட்ரக்ட் என்ற இசைவிழாக் குழுமத்துக்கும் கைமாறியது. புதிய உரிமையாளருக்குப் பின்னால் இருந்த முதலீட்டு நிறுவனத்தைக் காரணம்காட்டிக் கலைஞர்கள் சிலர் அதைப் புறக்கணித்ததும் நடந்தது. உங்கள் அளவுக்கு இந்த ஆபத்து இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆயினும் ஆண்டு முடிவில், நிலையத்தாரின் உழைப்பில் எத்தனை மணி நேரம் ஒலிபரப்புக்கும் எத்தனை மணி நேரம் நிகழ்ச்சிக்கும் போயிற்று என்று எழுதிப் பாருங்கள்.

கேள்வி: நான் விரும்பிக் கேட்கும் நிலையம் வேறொரு கண்டத்தில் இருக்கிறது. அதன் நிகழ்ச்சிக்கு என்னால் ஒருபோதும் போக முடியாது. நான் என்ன செய்யலாம்?

பதில்: மாதச் சந்தா கொடுங்கள், சிறிதாயிருந்தாலும் சரி. ஒரே தவணையில் வரும் பெரிய நன்கொடையைவிட, அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்த சிறு தொகைதான் அரங்கத்துக்கு முன்பணம் கட்டும் துணிவை நிலையத்துக்குத் தருகிறது. போக முடியாத நிகழ்ச்சிக்கு ஒரு சீட்டு வாங்கி, அதை அந்த ஊரிலிருக்கும் வேறொரு நேயருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதலாம். இதை ஏற்கும் நிலையங்கள் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், இல்லையென்றாலும் உங்கள் கடிதத்தால் அந்த வழக்கம் தொடங்கலாம். நிகழ்ச்சியின் பதிவு எப்போது ஒலிபரப்பாகும் என்றும் கேட்டுவையுங்கள். அவர்கள் சொல்வது அவர்கள் ஊர் நேரமாக இருக்கும்; உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.